விசில் ஊத ஆளில்லாத ஊர்

ஒரு கணக்கோட தொடங்குவம். உங்கட ஊரில எத்தனை விளையாட்டுக் கழகம் இருக்கு என்று விரல் விட்டு எண்ணுங்க. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, எந்த ஊராக இருந்தாலும் ரெண்டு கை விரலும் காணாது. ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு ஜேர்சி, ஒரு சின்னம், ஒரு பேஸ்புக் பக்கம், கட்டாரில இருந்தோ சவூதியில இருந்தோ காசு அனுப்புற நாலு காக்காமார். சரி, இப்ப அதே ஊரில முறையாப் படிச்சு, பரீட்சை எழுதி, விசில் ஊதுற மத்தியஸ்தர் எத்தனை பேர் என்று எண்ணுங்க. எங்களுக்கு ஒரு கையே போதுமாக இருந்தது. அதிலயும் விரல் மிஞ்சியது.

ஏன் மிஞ்சியது என்று எங்களுக்குத் தெரியும். ஏனென்றால் இருந்த ஒருவரை விரட்டினதே நாங்கதான்.

நடந்தது இது. மின்னொளியில ஒரு உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. ஊர், கழகம், மைதானம் எதையும் சொல்லப் போறதில்ல. அப்ப நாங்க கெம்பஸ் முதலாம் வருசம். எங்கட பக்கம் ஒரு கோல் பின்னுக்கு. கடைசி நிமிசங்களில எங்கட பெடியன் ஒருத்தன் கோல் போட்டான். கொடி உயர்ந்தது, விசில் ஊதினார், ஓப்சைட். அவ்வளவுதான். கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடினவர்களில எங்கட குழுவில இன்றைக்கு இருக்கிற மூன்று பேரும் உண்டு. அடிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. அவரின்ட சட்டையைப் பிடித்தோம். அவர் எந்த ஊர் என்பதைச் சொல்லி ஏசினோம். அவரின்ட உம்மாவைச் சொல்லி ஏசினோம். அதை போனில எடுத்து, "விலை போன றெபரி" என்று தலைப்புப் போட்டு ஏற்றினதும் எங்கட ஆள்தான்.

அன்றிரவு அதே வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். பந்து காலை விட்டுப் போற அந்த நேரத்தில எங்கட பெடியன் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி ஒரு முழ தூரம் முன்னுக்கு நிற்கிறான். மத்தியஸ்தர் சொன்னது சரி. அது தெரிந்த பிறகும் அந்தப் பதிவை அழிக்க எங்களுக்கு மூன்று நாள் சென்றது. அதற்குள்ள அது எத்தனை போனுக்குப் போய்ச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த வருசம் அதே சுற்றுப்போட்டிக்கு அவர் வரவில்லை. ஆள் கிடைக்காமல், ஏற்பாட்டாளர் ஒருவரின் மருமகன் விசில் ஊதினார். அரையிறுதியில சண்டை. கிண்ணம் இன்றைக்கும் யாரோ ஒருவரின் வீட்டு அலுமாரியில இருக்கு. அதற்குப் பிறகுதான் நாங்க அவரைத் தேடிப் போனோம். பகலில ஒரு கடையில கணக்கு எழுதுற மனிசன். தேத்தண்ணி தந்தார். நாங்க மாப்புக் கேட்டோம். கோபமே இல்லாமல் சொன்னார்: "தம்பிமார், நான் பிழை விட்டா ஏசுங்க, அது நான் எடுத்த வேலை. ஆனா அன்டைக்கு என்ட மகன் கிறவுண்டில இருந்தான். அவன் மறுகா என்னோட மெச்சுக்கு வரவேயில்ல. நானும் உட்டுட்டன்."

இதை எழுதக் காரணம் அந்த மகன்.

இனி றக்பிக்கு வருவோம். "நம்மட ஊரில ஆர் றக்பி விளையாடுற?" என்று கேட்பீங்க. யாரும் இல்லைதான். இலங்கையில றக்பி என்றால் கொழும்பும் கண்டியும். றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் மோதுற பிரட்பி கேடயம், கண்டிக் கழகம், ஹெவ்லொக்ஸ். இலங்கை அணிக்குத் தலைமை தாங்கின பாஸில் மரிஜாவும் கண்டிக்காரர்தான். எங்கட கரைக்கு அது டீவியில பார்க்கிற விளையாட்டு, அதுவும் ரிமோட் வேற யாரிடமும் இல்லாத நேரத்தில. ஆனால் ஒரு மத்தியஸ்தர் எப்படி உருவாகிறார், எப்படி உடைக்கப்படுகிறார், அதைத் தடுக்க ஒரு விளையாட்டு என்ன செய்யலாம் என்று பார்க்க றக்பியை விட நல்ல இடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

வேய்ன் பார்ன்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் பெரிய வீரராக இருந்து ஓய்வு பெற்று விசில் எடுத்தவர் இல்லை. 15 வயசிலேயே உள்ளூர் மெச்சுகளுக்கு விசில் ஊதத் தொடங்கினவர். பிறகு சட்டம் படித்து வழக்கறிஞரானார். 2005இல முழுநேர மத்தியஸ்தரானார். றக்பி யூனியன் விளையாட்டே 1995 ஓகஸ்டில்தான் தொழில்முறை ஆட்டமாக மாறியது. அதற்கு முன்னர் வீரருக்கும் சம்பளம் இல்லை, மத்தியஸ்தருக்கும் இல்லை. வீரருக்குச் சம்பளம் கொடுத்தால், அவரின் பிழைப்பையே தீர்மானிக்கிற விசிலையும் பொழுதுபோக்காக வைத்திருக்க முடியாது என்று அந்த விளையாட்டு விளங்கிக் கொண்டது. பார்ன்ஸ் அந்த மாற்றத்தின் பிள்ளை.

2007 ஒக்டோபர், கார்டிஃப் நகரில உலகக் கிண்ணக் காலிறுதி. பிரான்ஸ் எதிர் நியூசிலாந்து. விசில் பார்ன்ஸின்ட கையில, வயசு 28. பிரான்ஸ் போட்ட ஒரு ட்ரைக்கு முன்னர் பந்து முன்னுக்கு எறியப்பட்டதை அவர் தவறவிட்டார். றக்பியில கையால் முன்னுக்கு எறிய ஏலாது, அது அடிப்படைச் சட்டம். நியூசிலாந்து 20க்கு 18 என்று தோற்று வீட்டுக்குப் போனது. ஒரு முழு நாடும் அவரின் பெயரைக் கெட்ட வார்த்தையாகப் பாவித்தது. எங்கட ஊராக இருந்தால் கதை அதோட முடிஞ்சிருக்கும். விசிலை மேசை லாச்சிக்குள்ள போட்டுவிட்டு வழக்காட நீதிமன்றத்துக்குப் போயிருப்பார்.

அவர் போகவில்லை, அவரின் அமைப்பும் அவரைக் கைவிடவில்லை. பிழையைப் பிழை என்று பார்த்து, அடுத்த மெச்சுக்கு அனுப்பினார்கள். 2011, 2015, 2019, 2023 என்று அடுத்து வந்த எல்லா உலகக் கிண்ணங்களுக்கும் போனார். 2023 ஒக்டோபர் 28, பாரிஸ். இறுதிப் போட்டி. மறுபடியும் நியூசிலாந்து, எதிர்ப்பக்கம் தென்னாபிரிக்கா. நியூசிலாந்துக் கப்டன் சாம் கேனுக்கு முதலில மஞ்சள் அட்டை. வீடியோ மீளாய்வுக்குப் பிறகு அது சிவப்பானது. ஆண்களின் உலகக் கிண்ண இறுதியில காட்டப்பட்ட முதலாவது சிவப்பு அட்டை அது. தென்னாபிரிக்கா 12க்கு 11 என்று வென்றது. சில நாளில பார்ன்ஸ் ஓய்வை அறிவித்தார். 111 சர்வதேசப் போட்டிகள், அன்றைக்கு அதுதான் உலக சாதனை.

இதை ஒரு வெற்றிக் கதையாக முடிக்க ஏலாது. அந்த இறுதிக்குப் பிறகு அவருக்கும் குடும்பத்துக்கும் இணையத்தில மிரட்டல்கள் வந்தன. அதே போட்டியில டீவி மத்தியஸ்தராக இருந்த டொம் போலி, தனக்கு வந்த வசைகளைத் தாங்க முடியாமல் அந்த வருசம் முடியுறதுக்குள்ளேயே சர்வதேசப் போட்டிகளில இருந்து விலகினார். "வெள்ளைக்காரன் ஒழுக்கமானவன், நம்மட ஆக்கள்தான் இப்பிடி" என்று எங்கட பெரியவங்க சொல்றதை நாங்க ஏற்காததுக்கு இதுதான் காரணம். ஒழுக்கம் யாருக்கும் இரத்தத்தில வாறதில்லை. எங்கட போனில நடந்ததும் அவங்கட போனில நடந்ததும் ஒன்றுதான்.

வித்தியாசம் மைதானத்துக்குள்ள இருக்கு. றக்பியில கப்டனைத் தவிர வேற யாரும் மத்தியஸ்தரிடம் போய்த் தீர்ப்பைப் பற்றிக் கதைக்கக் கூடாது. வாய் காட்டினால் தண்டனை உதை. அதற்குப் பிறகும் வாய் காட்டினால் அந்த உதையின் இடம் 10 மீற்றர் முன்னுக்குப் போகும், உங்கட கோல் கோட்டுப் பக்கமாக. அதாவது ஒருத்தன் ஏசினால் முழு அணியும் 10 மீற்றர் நிலத்தை இழக்கும். அப்ப ஏசினவனின் வாயைப் பொத்துறது மத்தியஸ்தர் இல்லை, அவனின்ட சொந்த அணிதான். மறுபக்கம், பெரிய போட்டிகளில மத்தியஸ்தரின் சட்டையில ஒலிவாங்கி இருக்கும். ஏன் விசில் ஊதினார் என்று அவர் கப்டனுக்குச் சொல்ற காரணத்தை டீவி பார்க்கிற எல்லாரும் கேட்கலாம். மரியாதை கேட்கிறவர் காரணம் சொல்லியாக வேண்டும். இந்த ரெண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். எங்கட மைதானங்களில ரெண்டும் இல்லை.

இதுவும் ஒரே நாளில வந்ததில்லை. 1871இல இங்கிலாந்தில எழுதப்பட்ட முதலாவது றக்பி யூனியன் சட்டங்களில மத்தியஸ்தர் என்ற ஆளே இல்லை. தகராறு வந்தால் ரெண்டு கப்டன்மாரும் பேசித் தீர்க்க வேண்டும் என்றுதான் இருந்தது. கனவான்கள் ஏமாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. பிறகு அணிக்கொரு நடுவர் வந்தார், அவரும் தன்ட அணிக்கே கொடி பிடித்தார். அதற்குப் பிறகுதான் ரெண்டு பக்கமும் சேராத ஒருவரின் கையில விசில் போனது. ஆக, மத்தியஸ்தர் என்பவர் ஆட்டத்தோட பிறந்தவர் இல்லை. சண்டை பிடித்துக் களைத்த ஆக்கள் யோசித்துக் கண்டுபிடித்த ஒரு ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டுக்குள்ள ஆள் எப்படி வருகிறார் என்பதற்கு இன்னொரு கதை. வேல்ஸ் நாட்டின் நைஜல் ஓவன்ஸ். 2015 உலகக் கிண்ண இறுதிக்கு விசில் ஊதினவர். சர்வதேசப் போட்டிகளில முதன்முதலாக 100ஐத் தொட்ட மத்தியஸ்தரும் அவர்தான். பாடசாலைக் காலத்தில, கம்பங்களுக்கு நேர் முன்னால இருந்து அடிக்க வேண்டிய ஒரு லேசான உதையை வெளியே அடித்தார். அதற்குப் பிறகுதான் அவரின் ஆசிரியர், "நீ போய் றெபரியாகப் பாரேன்" என்றார். நக்கலாகச் சொன்னாரோ அக்கறையாகச் சொன்னாரோ, பெடியன் அந்த வழியில போனான். போக ஒரு வழி இருந்தது என்பதைக் கவனியுங்க. உள்ளூர் மத்தியஸ்தர் சங்கம், மைதான ஓரத்தில நின்று குறிப்பெடுக்கிற மதிப்பீட்டாளர், ஒரு தரத்தில இருந்து அடுத்த தரத்துக்கு ஏற ஒரு படி. எங்கட ஊரில உதையை வெளியே அடிச்ச பெடியனுக்கு நாங்க என்ன சொல்லுவம்? "வெளிய குந்து" என்போம். அவன் குந்திக் குந்தி, கடைசியில மத்தியஸ்தருக்கு ஏசுற கூட்டத்தில முதலாவது ஆளாக நிற்பான்.

இந்த இடத்தில எங்களோட சண்டைக்கு வருவீங்க என்று தெரியும். "றெபரிமார் எல்லாம் சுத்தமா? பக்கச் சார்பா ஊதினா பார்த்துக்கிட்டு இருக்கிறதா?" நியாயமான கேள்வி. இலங்கைக்காரனுக்கு இதில சொந்த அனுபவமே இருக்கு. 1995 டிசம்பர், மெல்பேர்ன், முரளியின் பந்துகளை டெரல் ஹெயார் நோபோல் என்றார். 1999 ஜனவரியில அடிலெய்டில ரொஸ் எமர்சன் திரும்பவும் அதைச் செய்தபோது, அர்ஜுன ரணதுங்க விரல் நீட்டி, அணியை எல்லைக்கோடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் படத்தை நாங்களும் ரசித்தவர்கள்தான். ஆனால் முரளியைக் காப்பாற்றியது அந்த விரல் மட்டுமில்லை. அவர் ஆய்வுகூடங்களில கையைக் காட்டினார், கெமராக்களுக்கு முன்னால பந்து போட்டார். முழங்கை 15 பாகை வரைக்கும் நிமிரலாம் என்று சட்டமே அளவோட எழுதப்பட்டது. 800 டெஸ்ட் விக்கெட்டோட 2010இல டெஸ்ட் ஆட்டத்தில இருந்து விடைபெற்றார். கோபம் கதவைத் தட்டியது உண்மை. கதவைத் திறந்தது ஆதாரமும் சட்டமும்.

சொந்த நாட்டு நடுவர்கள் சொந்த அணிக்கே கை தூக்குகிறார்கள் என்ற பிரச்சினையும் இப்படித்தான் தீர்ந்தது. 1986இல லாகூரில பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதிய டெஸ்ட்டுக்கு இந்தியாவில இருந்து ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்ற ரெண்டு நடுவர்களைக் கூப்பிட்டார்கள். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையில எவ்வளவு பகை இருந்தும், அந்த ரெண்டு பேரின் கையை நம்ப முடிந்தது. 1994இல டெஸ்ட்டுக்கு ஒரு வெளிநாட்டு நடுவர் என்று விதி வந்தது, 2002இல ரெண்டு பேருமே வெளிநாட்டவர் என்றானது. சந்தேகப்பட்டவர்கள் கல் எறிந்து நிற்கவில்லை, ஒரு முறையைக் கட்டினார்கள்.

பிழை விட்டவருக்கு என்ன நடக்க வேண்டும் என்பதற்கும் உதாரணம் இருக்கு. 2015 றக்பி உலகக் கிண்ணக் காலிறுதியின் கடைசி நேரத்தில கிரெய்க் ஜூபேர் கொடுத்த ஒரு தண்டனை உதையால் ஸ்கொட்லாந்து 35க்கு 34 என்று அவுஸ்திரேலியாவிடம் தோற்றது. அடுத்த நாளே உலக றக்பி அமைப்பு அந்தத் தீர்ப்பு பிழை என்று பகிரங்கமாகச் சொன்னது. எங்கட நாட்டின் குமார் தர்மசேனவை எடுங்க. 1996 உலகக் கிண்ண இறுதியில விளையாடி, 2015 இறுதியில நடுவராக நின்றவர். 2019 இறுதியில இங்கிலாந்துக்கு 5 ஓட்டம் கொடுக்க வேண்டிய இடத்தில 6 கொடுத்தது பிழைதான் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். அவரின் தொழில் அதோட முடியவில்லை. பிழை ஒரு பக்கம், நேர்மை ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த இடத்தில்தான் ஒருவர் நடுவராகத் தொடர்ந்து நிற்கலாம்.

இவ்வளவும் வெறும் விளையாட்டுக் கதை என்று நினைத்தால் அம்பாறையை யோசியுங்க. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறிக்குள்ள கருத்தடை மாத்திரை போட்டிருக்கு என்று ஒரு கூட்டம் தீர்ப்புச் சொன்னது. கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது மாத்திரை இல்லை, மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வு சொன்னது எல்லாம் முடிந்த பிறகு. கூட்டமே குற்றம் சாட்டி, கூட்டமே தீர்ப்புச் சொல்லி, கூட்டமே தண்டனை கொடுத்தால் எப்படி இருக்கும் என்று நமக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. கொரோனா காலத்தில ஜனாஸாக்களை எரித்தார்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் 2021 பெப்ரவரி வரைக்கும் கேட்கவில்லை. விசில் வைத்திருந்தவங்க ஒரு பக்கத்துக்கு ஊதினால் எப்படி வலிக்கும் என்றும் நமக்குத் தெரியும்.

அதனாலதான் எங்களுக்கு எங்க மேலேயே ஆத்திரம் வருகிறது. நடுநிலை இல்லாத நாட்டால அடிபட்ட ஒரு சமூகம், தன்ட சொந்த ஊரில நடுநிலைக்கு ஒரு சதுர அடி இடம் கொடுக்கிறதா? இல்லையே. "றெபரி எந்த ஊர்?" என்பதுதான் எங்கட முதல் கேள்வி. சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேண்டும், வேண்டாம் என்று ரெண்டு ஊரும் முகம் திருப்பி நின்ற காலத்தில இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. 2020 பெப்ரவரியில வர்த்தமானி வந்து, சில நாளிலேயே நிறுத்தப்பட்டு, கதை இழுபட்டதை எல்லாரும் அறிவீங்க. கல்முனை வடக்குச் செயலகம் என்றால் தமிழ், முஸ்லிம் என்று அடுத்த கேள்வி. இந்தக் கோரிக்கைகளில எது நியாயம் என்று இங்க தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நாங்க கேட்கிறது இதுதான்: இந்த எல்லாப் பிரச்சினையிலும், ரெண்டு பக்கமும் நம்பி உட்கார்ந்து கதைக்கக்கூடிய நாலு பேரை எங்கட கரை வளர்த்து வைத்திருக்கிறதா? வளர்க்காமல் விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் கொழும்பைப் பார்த்துக் கை நீட்டுகிறோம். பிறகு கொழும்பு ஏமாற்றிவிட்டது என்கிறோம்.

எங்கட மொழியில சட்டத்துக்கும் விளையாட்டுக்கும் ஒரே சொல்தான் இருக்கு. 1988ஆம் ஆண்டின் சட்டத்தால வந்த சபைக்கு மத்தியஸ்த சபை என்று பேர், மைதானத்தில விசிலோட நிற்கிறவருக்கும் மத்தியஸ்தர் என்றுதான் பேர். வேலிச் சண்டையையும் கடன் கொடுக்கல் வாங்கலையும் தீர்க்கிற ஒருவருக்கு எங்க பயிற்சி கிடைக்கும்? எதிர்ப்பக்கத்தின் கதையை முழுசாகக் கேட்டு, காரணம் சொல்லி, ஒரு முடிவு எடுத்து, அந்த முடிவில நிற்கிற பழக்கம் எந்த வயசில வரும்? 15 வயசில, அண்டர் தேர்ட்டீன் பெடியன்களின் மெச்சில வரலாம். அந்த இடத்தைத்தான் நாங்க உடைத்து வைத்திருக்கிறோம்.

எப்படி உடைத்தோம் என்று ஒரு சுற்றுப்போட்டியின் செலவைப் பார்த்தாலே தெரியும். ஆள் உயரக் கிண்ணம், மின்னொளி, பெனர், ஒலிபெருக்கி, நேரடி ஒளிபரப்பு, பிரதம அதிதிக்குப் பொன்னாடை, விசேட அதிதிக்குப் பொன்னாடை, அதிதியின் செயலாளருக்கும் பொன்னாடை. கடைசியில யாரோ ஒருத்தன் கேட்பான், "றெபரிக்கு என்ன குடுக்கிற?" ஒரு சோற்றுப் பார்சலும் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய்க் காசும். பரிசளிப்பு மேடையில எல்லாருக்கும் கதிரை இருக்கும், 90 நிமிசம் ஓடினவர் மேடைக்குப் பின்னால சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருப்பார். எந்தக் கழகத்தின் வருடாந்த அறிக்கையிலாவது "இந்த வருசம் எங்கட ஆள் ஒருவர் மத்தியஸ்தர் பரீட்சை சித்தி" என்று வாசித்திருக்கிறீங்களா? நாங்க வாசித்ததில்லை.

இன்னொன்று. எங்கட குழுவில பாதிப் பேர் பெண்பிள்ளைகள். அவங்களுக்கு மைதானத்தின் வாசலே தூரம். ஜோய் நெவில் என்ற ஐரிஷ் பெண் தன்ட நாட்டு அணிக்கு விளையாடி, பிறகு விசில் எடுத்து, 2017இல உலகின் சிறந்த றக்பி மத்தியஸ்தர் விருது வாங்கினார். 2023 ஆண்கள் உலகக் கிண்ணத்தில டீவி மத்தியஸ்தராக அமர்ந்தார், அந்த இடத்துக்கு வந்த முதற் பெண் அவர். எங்கட ஊரில இது நாளைக்கே நடக்கும் என்று கனவு காணவில்லை. ஆனால் பெண்கள் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கும் விசில் ஊத வெளியில இருந்து ஆண் ஒருவரைத் தேடுகிறோமே, அதற்கு எந்த மார்க்கமும் காரணம் இல்லை, எங்கட சோம்பல்தான் காரணம். வலைப்பந்துச் சட்டப் புத்தகத்தைப் படித்துப் பரீட்சை எழுத எந்தப் பிள்ளைக்கும் மைதானத்தின் அனுமதி தேவையில்லை.

ஆகவே கழகங்களிடம் நாலு விசயம் கேட்கிறோம். ஒன்று, சுற்றுப்போட்டிக்கு அணி பதியும்போது, ஒவ்வொரு கழகமும் பயிற்சிக்குப் போகிற ஒரு மத்தியஸ்தரின் பேரையும் சேர்த்துப் பதியட்டும். ஆள் இல்லாத கழகத்துக்கு இடம் இல்லை. ரெண்டு, பரிசுத் தொகையைத் தீர்மானிக்க முன்னர் மத்தியஸ்தர்களின் கொடுப்பனவைத் தீர்மானிக்கணும். மூன்று, கப்டன் மட்டும்தான் கதைக்கலாம் என்ற றக்பி விதியை எங்கட உதைபந்தாட்டத்துக்கும் மென்பந்துக் கிரிக்கெட்டுக்கும் கொண்டு வாங்க. பார்வையாளர் கயிற்றைத் தாண்டினால் அந்தக் கழகத்துக்கு அடுத்த வருசம் தடை. முதல் தடை எங்கட கழகத்துக்கு வந்தாலும் சரிதான். நாலு, முறைப்பாடு செய்ய ஒரு வழி இருக்கட்டும். எழுத்தில, வீடியோவோட, அடுத்த நாள். மத்தியஸ்தர் பிழை என்றால் அதை ஏற்பாட்டுக் குழு வெளிப்படையாகச் சொல்லட்டும், சொல்லிவிட்டு அடுத்த மெச்சுக்கும் அவரையே கூப்பிடட்டும்.

"முதல்ல நீங்க செய்ங்களன்" என்று கேட்பீங்க, கேட்கத்தான் வேணும். எங்கட குழுவில ஆறு பேர் சட்டப் புத்தகத்தோட உட்கார்ந்திருக்கிறோம், அதில ரெண்டு பேர் பெண்பிள்ளைகள். அன்றைக்குக் கயிற்றைத் தாண்டின மூன்று பேரும் இதில அடக்கம். சொல்லித் தருபவர் வேற யாரும் இல்லை, நாங்க விரட்டின அதே மனிசன்தான். நாலு தரம் போய்க் கேட்ட பிறகு சம்மதித்தார். திரும்ப விசில் ஊத மாட்டன், படிச்சுத் தாறன் என்றார். வெள்ளிக்கிழமைகளில அஸருக்குப் பிறகு கடற்கரையில, மணலில கோடு கீறி ஓப்சைட் சட்டத்தை விளக்குகிறார். முதல் நாள் அவர் எடுத்த உதாரணம் அந்த கோல்தான். யார் எங்க நின்றது என்று ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சிப்பி வைத்துக் காட்டினார். நாங்க ஒன்றும் பேசவில்லை.

மகன் இன்னும் வரவில்லை. வந்தால் அவனிடமும் மாப்புக் கேட்க வேண்டியிருக்கு.